கடவுச்சொல் யார் கையில்? ஒரு தோட்டத்துப் பிள்ளையின் போன் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் 2025 இல் நடந்ததைப் பற்றியது. பிள்ளையையும் வீட்டாரையும் யாரும் இனங்காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியை என்ற முறையில் இந்த விடயம் என்னிடம் வந்தது. எழுதுவதற்குத் தாயும் சம்மதித்தார், மகளும் சம்மதித்தாள். "மத்த புள்ளைங்களுக்கு இப்படி நடக்கக் கூடாது டீச்சர்" என்றாள்.

பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கண்காணிக்கும் செயலிகளைப் பற்றிப் பேசும்போது, எது நல்லது, எது மலிவு என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இந்தக் குடும்பத்தைப் பார்த்தபிறகு வேறொரு கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தச் செயலியின் கடவுச்சொல் யார் கையில் இருக்கிறது?

பின்னணி

பிள்ளைக்கு 14 வயது, தரம் 9. தம்பிக்கு 9 வயது. தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். தந்தை கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் வருவார். பிள்ளைகள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) அம்மாயியோடு, அதாவது அம்மாவின் அம்மாவோடு, இருக்கிறார்கள். பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறையில்) சித்தி. அவர் கொழுந்து எடுக்கிறார், காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் போடும் இடத்துக்கு) போனால் வீடு திரும்ப மாலை ஐந்தாகிவிடும். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. அதாவது தினமும் மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது கண் பார்வை மங்கிய ஒரு கிழவி மட்டும்தான்.

இந்த வீட்டுக்கு டச் போன் வந்தது கொரோனா காலத்தில். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும் பாடங்கள் வட்ஸ்அப்புக்கு வந்தன. அதுவரை பட்டன் போனோடு இருந்த குடும்பங்கள் தவணைக்கு எடுத்தாவது டச் போன் வாங்கின. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பாடசாலை திறந்த பிறகும் வட்ஸ்அப் குழுக்கள் நிற்கவில்லை. வீட்டுப்பாடம், டியூஷன் நோட்ஸ், நாளைக்கு மிஸ் வரமாட்டார் என்ற செய்தி, எல்லாம் அதில்தான். ஆகவே "பிள்ளைக்குப் போன் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்தப் போனைக் கேட்டது பாடசாலைதான், நாங்கள்தான்.

இந்தப் பிள்ளைக்குப் போன் இன்னொன்றும்கூட. அது அவளுடைய அம்மா. குவைத் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே வீட்டு வேலை முடிந்து தாய் படுக்கப் போகும்போது இரவு பதினொரு மணி, இங்கே ஒன்றரை. அந்த நேரத்தில் வரும் வீடியோ அழைப்புக்காகப் பிள்ளை விழித்திருப்பாள். சில பெக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கவென்று தனியாக டேட்டா வேறு தருகிறார்கள். பத்தரைக்கு அம்மாயி தூங்கிவிட்டால், ஒன்றரை வரை கையில் போனோடு அந்தப் பிள்ளை தனியாக இருப்பாள்.

கணக்கைத் திறந்தவர் யார்

போனை வாங்கியபோது கூகுள் கணக்கை உருவாக்கித் தந்தது டவுனில் போன் கடையில் வேலை செய்யும் ஒரு பையன். பிறந்த ஆண்டு கேட்ட இடத்தில் 1990 என்று போட்டிருக்கிறான். இது இங்கே வழக்கமாக நடப்பதுதான். சரியான வயதைப் போட்டால் பெற்றோரின் மின்னஞ்சலைக் கேட்கும், அனுமதி கேட்கும், வேலை இழுபடும். வயதைக் கூட்டிப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தானாம். அந்தக் காகிதம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

விளைவைப் பாருங்கள். கூகுளைப் பொறுத்தவரை இந்தப் பிள்ளைக்கு 35 வயது. யூடியூப் அவளை ஒரு பெரிய பெண்ணாக நினைத்துக்கொண்டுதான் வீடியோக்களைக் காட்டியது. அதே கணக்கை வைத்து டிக்டொக்கில் சேர்ந்தபோதும் அவள் ஒரு பெரிய வயதைத்தான் கொடுத்தாள். 16 வயதுக்குக் குறைந்தவர்களின் டிக்டொக் கணக்கு தானாகவே தனிப்பட்ட கணக்காக இருக்கும், அவர்களுக்கு யாரும் நேரடிச் செய்தி அனுப்ப முடியாது. அந்த நிறுவனமே இலவசமாகத் தரும் அந்த வேலி இவளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு செயலியும் வாங்காமலே கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு, பிறந்த ஆண்டைப் போடும் அந்த ஒரு கட்டத்திலேயே போய்விட்டது.

தாயின் பயமும் மறைவான செயலியும்

லயத்தில் ஒருவர் குவைத்துக்குச் செய்தி அனுப்பினார்: "ஒங்க புள்ள ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆன்லைன்ல இருக்கு." அதில் பாதி நேரம் தாயோடு பேசிய நேரம் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் மீதிப் பாதியும் உண்மை. தாய் பயந்துபோனார். ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு அந்த ஒரு வரி போதும். அவருடைய பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை, யாரும் மதிக்கக் கூடாது.

ஒரு விளம்பரத்தைப் பார்த்து, பிள்ளைக்குத் தெரியாமல் போனுக்குள் இருந்துகொண்டு எல்லாவற்றையும் எடுத்தனுப்பும் செயலி ஒன்றுக்கு மாதாமாதம் பணம் கட்டத் தொடங்கினார். போனை "ரிப்பேர்" என்று சொல்லி வாங்கி, அதே போன் கடைக்குக் கொடுத்தனுப்பி, அதைப் போடவைத்தார். தாயின் சொந்த மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் தெரியாததால், கடைப் பையன் தன் மின்னஞ்சலிலேயே கணக்கைத் திறந்தான். தாய்க்கும் அதே கடவுச்சொல்லைக் கொடுத்தான்.

இந்த வகைச் செயலி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இது பிளே ஸ்டோரில் கிடைப்பதில்லை. பிள்ளைகளைப் பெற்றோர் கண்காணிக்கும் செயலியைக் கூகுள் அனுமதிக்கிறது. ஆனால் அது தன்னை மறைத்துக்கொள்ளக் கூடாது, இயங்கிக்கொண்டிருப்பதைப் போனில் எப்போதும் காட்ட வேண்டும். மறைந்திருக்கும் செயலியை வெளியிலிருந்து இறக்க வேண்டும். அதற்குப் பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்பை நிறுத்த வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் போனில் இருக்கும் அணுகல் வசதியை அதற்குத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் திரையில் உள்ளதையெல்லாம் அது வாசிக்க முடியும். வட்ஸ்அப் செய்திகள் வழியில் யாராலும் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டுத்தான் போகின்றன. ஆனால் திரையில் திறந்த பிறகு பூட்டு ஏது? இப்படி வாசித்த செய்திகள், படங்கள், இருக்கும் இடம் எல்லாம் எங்கோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன. அங்கிருந்து, கடவுச்சொல் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்.

இங்கே கடவுச்சொல் வைத்திருந்தவர்கள் இருவர். தாய், அப்புறம் டவுனில் ஒரு இளைஞன். 14 வயதுப் பெண்பிள்ளையின் படங்களும் பேச்சும் போய்வரும் இடமும் வேறொரு வீட்டு ஆணின் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவன் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை என்று சொன்னான். உண்மையாக இருக்கலாம். பார்க்கவில்லை என்பதை அவன் சொல்லித்தான் நாம் அறிய வேண்டியிருக்கிறது என்பதே போதுமான ஆபத்து.

நிறுவனத்தின் பக்கத்தையும் நம்பிவிட முடியாது. டீன்சேஃப் என்ற அமெரிக்கக் கண்காணிப்புச் செயலியின் சர்வர் 2018 இல் பூட்டில்லாமல் திறந்து கிடந்தது. பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குகளின் கடவுச்சொற்கள் அதில் அப்படியே எழுத்தில் இருந்தன. ஸ்பைஃபோன் என்ற நிறுவனத்தை 2021 இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே தடைசெய்தது. பிள்ளையைக் காப்பாற்றச் சேர்த்த தகவல்களே பிள்ளைக்கு எதிராகப் போகக்கூடிய தொழில் இது.

செயலி காட்டியதும் காட்டாததும்

தாய்க்கு வந்து குவிந்தது ஒரு மலை. வேலைக்கு நடுவில் அதைப் பார்க்க எங்கே நேரம்? ஆபத்தான சொற்கள் வந்தால் எச்சரிக்கும் வசதி அதில் இருந்தது. ஆனால் அது ஆங்கிலச் சொற்களைத்தான் தேடியது. எங்கள் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், நடுவில் சிங்களம் கலக்கிறார்கள், பாதிக்கு மேல் குரல் பதிவு. அந்த எச்சரிக்கை ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

ஒருநாள் தோழிகளோடு பேசிய ஒரு கேலியைப் பார்த்துவிட்டுத் தாய் போனில் திட்டினார். அந்த வார்த்தைகள் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தன என்று பிள்ளை யோசித்தாள், புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து அந்தப் போனைப் பாடத்துக்கும் அம்மாவோடு பேசுவதற்கும் மட்டும் வைத்துக்கொண்டாள். மற்றதையெல்லாம் வகுப்புத் தோழி வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய போனுக்கு மாற்றினாள்.

செயலியில் பாவனை நேரம் விழுந்தது. தாய் நிம்மதியானார். "கொறஞ்சிடுச்சுன்னு சாமிக்கு வெளக்கு போடச் சொன்னேன் டீச்சர்" என்று பிறகு என்னிடம் அழுதார்.

ஆபத்து வந்தது அந்தப் பழைய போனில். ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் பழக்கமான ஒருவன், பதுளைப் பக்கம், 16 வயது என்று சொன்னான். அங்கிருந்து டிக்டொக், டிக்டொக்கிலிருந்து வட்ஸ்அப். ஒரு படம் கேட்டான், அவள் அனுப்பினாள். மறுநாளே ஆள் மாறிவிட்டான். இன்னும் படங்கள் வேண்டும், இல்லாவிட்டால் இதை உன் பாடசாலைக் குழுவில் போடுவேன் என்றான். கூடவே ஆயிரம் ரூபாய்க்கு ரீலோட் (போனுக்குக் காசு நிரப்புவது) கேட்டான். அந்த நேரம் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். சித்தி ஒருநாள் முழுக்க மலையில் நின்றால் கிடைப்பதில் முக்கால்வாசி.

ஏன் அவள் யாரிடமும் சொல்லவில்லை? நான் கேட்டபோது அவள் சொன்னது படத்தைப் பற்றிய வெட்கம்கூட இல்லை. "சொன்னா போன எடுத்துருவாங்க டீச்சர். அப்பறம் அம்மாவ எப்படிப் பாக்குறது?" என்றாள். இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை என்று தோன்றினாலும், ஒன்று சொல்லவே வேண்டும். "போனைப் பறிப்பேன்" என்ற மிரட்டல் எல்லா வீட்டிலும் சாதாரணமானது. தாய் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் அது தாயைப் பறிப்பேன் என்று பிள்ளையின் காதில் விழுகிறது. மிரட்டியவனுக்கு அவனுக்கே தெரியாமல் கிடைத்த பெரிய பலம் அதுதான்.

வெளியே வந்த விதம், செய்தவை

சித்திதான் கண்டுபிடித்தார், எந்தச் செயலியும் இல்லாமல். அடிக்கடி ரீலோட்டுக்குக் காசு கேட்கிறாள், சோறு சரியாகத் தின்பதில்லை, தம்பியோடு எரிந்து விழுகிறாள். ஒரு ஞாயிறு, துணி துவைக்கும் இடத்தில் வைத்து, "என்னா நடந்தாலும் போன எடுக்க மாட்டேன், சொல்லு" என்றார். பிள்ளை சொல்லிவிட்டாள். சித்தி சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் பேர் போடாமல், பிள்ளையோடு பாடசாலைக்கு வந்தார்.

முதலில் எதையும் அழிக்கவேண்டாம் என்றேன். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் பிள்ளைகளின் இயல்பு, அதோடு ஆதாரமும் போய்விடும். அவனுடைய இலக்கம், கணக்கின் பெயர், மிரட்டல் செய்திகள், திகதி தெரியும்படி திரைப் படங்கள் எடுத்தோம். பிள்ளையின் அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை, வேறு யாருக்கும் அனுப்பவும் கூடாது. ஆதாரம் எடுத்த பிறகு அவனைத் தடைசெய்தோம். காசு கொடுக்கவில்லை, ஒருமுறை கொடுத்தால் கேட்பது நிற்காது.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைத்தோம். பிறகு பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவில் முறைப்பாடு. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் கூடவே நின்றார். போகும் வழியில் பிள்ளை கேட்டாள்: "என்னையும் புடிப்பாங்களா?" 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுக்கவைப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் நம் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். அந்தப் பிரிவு இருப்பது பிள்ளையைக் காப்பதற்கு. இதை அவளுக்கு விளக்கியபோது முகம் கொஞ்சம் தெளிந்தது.

டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவையையும் பாவித்தோம். காணாமல்போன, துன்புறுத்தப்பட்ட சிறுவர்களுக்கான அமெரிக்கத் தேசிய மையம் இதை 2023 இல் தொடங்கியது. 18 வயதுக்கு முன் எடுத்த படமாக இருந்தால் எந்த நாட்டவரும் பாவிக்கலாம். படம் போனை விட்டு வெளியே போவதில்லை. அதிலிருந்து ஒரு இலக்க அடையாளம் மட்டும் உருவாகி, சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் அதில் இருக்கின்றன. அங்கே யாராவது அந்தப் படத்தைப் போட்டால் அடையாளத்தை வைத்து நீக்கலாம். வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இது தடுக்காது. பெயர் கொடுக்கத் தேவையில்லை என்பதால் வெட்கப்படும் பிள்ளைகளுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

இரண்டாவது ஏற்பாடு

பிறகுதான் தாயோடு உட்கார்ந்து பேசினோம், வீடியோவில். கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாய்க்கு அது வேண்டும், மகளும் இப்போது அதை மறுக்கவில்லை. மறைவாக வேண்டாம், மூன்றாவது ஆள் கையில் வேண்டாம் என்பதுதான் பேச்சு.

மறைவான செயலியின் கணக்கை மூடச்செய்தோம். அந்தப் போனை முழுவதுமாக அழித்துப் புதிதாகத் தொடங்கினோம். தாய் தன் பெயரில், தானே அடித்து, ஒரு கூகுள் கணக்கைத் திறந்தார். சித்தி இந்தப் பக்கம் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார். கடவுச்சொல்லைத் தாய் தன் கையால் ஒரு கொப்பியில் எழுதிவைத்துக்கொண்டார். அதற்கு ஒரு மாலை முழுக்கப் போனது. இந்த முழு விடயத்திலும் மிகவும் பயனுள்ளதாக எனக்குத் தெரிவது அந்த மாலைதான்.

பிள்ளைக்கு உண்மையான பிறந்த திகதியோடு புதிய கணக்கு. அதன்மேல் ஃபேமிலி லிங்க் என்ற, பெற்றோருக்கான கூகுளின் கண்காணிப்புச் செயலி. இலவசம், குவைத்திலிருந்தே இயக்கலாம். 13 வயது கடந்த பிள்ளை என்பதால் அவளுடைய சம்மதத்தோடுதான் சேர்த்தோம், அவளுடைய போனிலும் அது தெரியும். புதிய செயலி இறக்க அம்மாவின் அனுமதி வேண்டும். இரவு ஒன்பதரைக்குப் போன் பூட்டிக்கொள்ளும். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்பதும் போன் இருக்கும் இடமும் தாய்க்குத் தெரியும். செய்திகளை அது வாசித்துக் காட்டாது. இது ஒரு குறை என்று தாய் முதலில் நினைத்தார். "எல்லாத்தையும் வாசிச்சீங்களே அம்மா, கண்டுபிடிச்சீங்களா?" என்று மகள் கேட்டாள். தாய் பதில் சொல்லவில்லை.

வட்ஸ்அப்பில் தெரிந்தவர்கள் மட்டும் அவளைக் குழுவில் சேர்க்க முடியும்படி மாற்றினோம், தெரியாதவர்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்தோம். டிக்டொக்கை உண்மையான வயதோடு புதிதாகத் தொடங்கினாள்.

சிக்கல் இரவு ஒன்றரை மணி அழைப்பில் வந்தது. ஒன்பதரைக்குப் போன் பூட்டினால் அம்மாவோடு எப்போது பேசுவது? இதற்குத் தீர்வு எந்தச் செயலியிலும் இல்லை, தாய்தான் கண்டுபிடித்தார். இரவில் குரல் பதிவு அனுப்புகிறார், மகள் காலையில் பாடசாலைக்குத் தலை சீவும்போது கேட்கிறாள். நம் நேரம் பிற்பகல் இரண்டரை என்றால் அங்கே நடுப்பகல் பன்னிரண்டு. சமையல் முடிந்த கையோடு சில நாட்களில் ஐந்து நிமிடம் பேச முடிகிறது. வெள்ளிக்கிழமை மாலை நீண்ட அழைப்பு. இரவில் போன் சித்தியின் காம்பராவில் சார்ஜில் கிடக்கிறது.

குறைகள் இருக்கின்றன. மழை நாட்களில் சிக்னல் போனால், தாய் குவைத்தில் மாற்றுவது எதுவும் போன் இணையத்தில் சேரும்வரை அதற்குப் போய்ச் சேராது. தோழி வீட்டுப் பழைய போனை ஃபேமிலி லிங்க்கால் ஒன்றும் செய்ய முடியாது; தோழியின் தாயிடம் நேரில் போய்ப் பேசினோம், அவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒரே போனை மூன்று பிள்ளைகள் பாவிக்கும் வீடுகளில், ஒரு பிள்ளையின் வயதுக்குப் போட்ட கட்டுப்பாடு மற்றவருக்குப் பொருந்தாது. எங்கள் தோட்டங்களில் அப்படியான வீடுகள் நிறைய.

போன் கடையைப் பற்றி

அந்தக் கடைப் பையனை வில்லனாக்கி இதை முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. இந்தக் கண்காணிப்புச் சேவைகள் எல்லாம் ஒரு பெற்றோரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை: சொந்த மின்னஞ்சலைத் தானே பாவிப்பவர், கடவுச்சொல் தெரிந்தவர், ஆங்கிலத்தில் அமைப்புகளை வாசிக்கக் கூடியவர், பிள்ளையோடு ஒரே வீட்டில் இரவு தூங்குபவர். இந்தத் தாயிடம் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. இல்லாததை எல்லாம் அந்தக் கடை நிரப்புகிறது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் இந்தக் கடைகள்தான் எங்கள் மக்களின் தொழில்நுட்ப உதவி நிலையம். ஆகவே அவர்களிடம்தான் முதலில் பேச வேண்டும். பிள்ளைக்கு வாங்கும் போனில் உண்மையான பிறந்த திகதியைப் போடுங்கள், கடவுச்சொல்லைப் பெற்றோரே அடிக்கட்டும், மறைவான செயலியைப் போட மாட்டோம் என்று சொல்லுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை வைத்தோம். இரண்டு கடைக்காரர்கள் வந்து கேட்டார்கள், அந்தப் பையனும் வந்தான்.

தற்போதைய நிலை

பொலிஸ் விசாரணை இன்னும் முடியவில்லை. படம் எங்கும் வெளிவந்ததாகத் தகவல் இல்லை. பிள்ளை தவணைப் பரீட்சை எழுதினாள், கணிதத்தில் மட்டும் புள்ளி குறைவு. இரவு பூட்டும் நேரத்தைப் பத்தாக்கும்படி தாயிடம் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமைக்கு மட்டும் சரி என்று தாய் மாற்றிக் கொடுத்திருக்கிறார். தம்பிக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில் வகுப்பு, அவனுக்கும் வட்ஸ்அப் குழு வரும். அவனுக்கான கணக்கை உண்மையான வயதோடு தாய் ஏற்கெனவே தன் கணக்கின் கீழ் திறந்துவிட்டார். இந்த முறை கடைக்குப் போகவில்லை. அக்காதான் சொல்லிக்கொடுத்தாள்.